ஆய்வுக்கூடத்திலிருந்து உரிமப் பத்திரம் வரை

காப்புரிமை என்பது, புதிய கண்டுபிடிப்பொன்றை யாவரும் அறியும்படி விளக்கி எழுதிப் பதிவு செய்பவருக்கு அரசு குறிப்பிட்ட காலத்துக்கு அளிக்கும், பிறரை விலக்கும் உரிமையாகும். அதைப் பெற்றவர் அந்தக் கண்டுபிடிப்பைத் தாமே பயன்படுத்தியாக வேண்டும் என்பதில்லை. தம் அனுமதியின்றிப் பிறர் அதைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடுக்கும் அதிகாரம்தான் அவருக்குக் கிடைக்கிறது. அந்த அனுமதியை எழுத்து மூலம் தரும் பத்திரம் உரிமம் எனப்படுகிறது. அதற்கு ஈடாக, பெரும்பாலும் விற்பனையில் குறிப்பிட்ட விழுக்காடாக, உரிமம் பெற்றவர் செலுத்தும் தொகையே ராயல்டி. ஒரு தொழில் நிறுவனம் காப்புரிமை பெறும்போது அது தன் சரக்கைத் தானே செய்து விற்கவும் கூடும் என்பதால் உரிமம் வழங்குவதா வேண்டாமா என்பது அதன் விருப்பத்தைப் பொறுத்தது. பல்கலைக்கழகத்தின் நிலை வேறு. அதனிடம் தொழிற்சாலை கிடையாது. விற்பனைப் பிரிவும் கிடையாது. அதன் காப்புரிமை பயன்பாட்டுக்கு வர வேண்டுமானால் வேறொருவருக்கு உரிமம் வழங்கியே ஆக வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் காப்புரிமை பெறலாமா என்ற விவாதம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. அறிவு பொதுச் சொத்து, பொதுப் பணத்தில் விளைந்ததை விற்பது முறையன்று என்பது ஒரு தரப்பு; காப்புரிமை இல்லாத கண்டுபிடிப்பில் எந்த நிறுவனமும் முதலீடு செய்யாது, அது ஆய்விதழின் பக்கங்களிலேயே தூங்கிவிடும் என்பது மறுதரப்பு. இரண்டு தரப்புக்கும் வரலாற்றில் சான்றுகள் கிடைக்கின்றன என்பதே, கேள்வி சரியான இடத்தில் கேட்கப்படவில்லை என்பதற்கு அறிகுறி. ஒரே வகையான சட்ட ஆவணம் ஓரிடத்தில் மருந்தின் தரத்தைக் காத்தது. இன்னோரிடத்தில் ஏழைகளின் உணவிலிருந்து ஒரு சத்தை விலக்கி வைத்தது. வேறுபாடு காப்புரிமையில் இல்லை. அதன் கீழ் எழுதப்பட்ட உரிமத்தில், யாருக்கு, எத்தனை பேருக்கு, எந்த நாட்டில், எந்தப் பயனுக்கு என்ற நிபந்தனைகளில்தான் இருந்தது.

பேராசிரியர் ஒருவர் தம் காப்புரிமையின் வருமானத்தை அறிவியலுக்கே திருப்பிவிடும் ஏற்பாட்டுக்கு முன்னோடியாகக் கருதப்படுபவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக வேதியியலாளர் பிரெடெரிக் காட்ரெல். ஆலைப் புகையிலுள்ள துகள்களை மின்னேற்றம் செய்து ஈர்த்தெடுக்கும் கருவிக்கு 1908இல் அவர் காப்புரிமை பெற்றார். 1912இல் அந்த உரிமையைக் கொண்டு ‘ரிசர்ச் கார்ப்பரேஷன்’ என்ற லாப நோக்கற்ற நிறுவனத்தை அமைத்து, அதன் வருவாய் பிற அறிஞர்களின் ஆய்வுகளுக்கு மானியமாகச் செல்ல வழி செய்தார். பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதற்குக் காட்ரெலின் ஏற்பாடு ஒரு விடை. ஆனால் எப்படிப்பட்ட நிபந்தனைகளின் கீழ் அந்தப் பணத்தை ஈட்டுவது என்ற கேள்வி, உயிர் காக்கும் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்தபோதுதான் கூர்மையாக எழுந்தது.

டொரன்டோ பல்கலைக்கழகத்தில் 1921-22இல் பிரெடெரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட், ஜேம்ஸ் காலிப் ஆகியோர் பேராசிரியர் மக்லியாடின் துறையில் இன்சுலினைப் பிரித்தெடுத்த வரலாறு பரவலாக அறியப்பட்டது. 1922 ஜனவரி 11 அன்று டொரன்டோ பொது மருத்துவமனையில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அந்தச் சாறு தூய்மையற்றதாக இருந்ததால் போதிய பலன் தரவில்லை. அடுத்த பன்னிரண்டு நாட்களில் காலிப், ஆல்கஹாலின் செறிவைப் படிப்படியாக உயர்த்திச் சென்று, தேவையற்ற புரதங்கள் முதலில் படிந்துவிட, தொண்ணூறு விழுக்காட்டுக்குச் சற்று மேலே இன்சுலின் படிவதைக் கண்டறிந்தார். ஜனவரி 23 அன்று அந்தத் தூய சாறு செலுத்தப்பட்டபோது சிறுவனின் இரத்தச் சர்க்கரை இறங்கியது. ஆனால் சில வாரங்களிலேயே, அளவைப் பெருக்க முயன்றபோது, காலிப்பாலேயே அதைத் திரும்பச் செய்ய முடியாமற்போய், அந்தத் திறனை மீட்டெடுக்க மாதங்கள் பிடித்தன. இந்தத் தடுமாற்றத்தைப் பின்னணியில் வைத்துத்தான் டொரன்டோவின் காப்புரிமை முடிவைப் புரிந்துகொள்ள வேண்டும்: செய்முறை நுட்பமானது, தவறாகத் தயாரித்த மருந்து நோயாளியைக் கொல்லக்கூடியது, வீரியம் தெரியாத மருந்தும் அப்படியே.

மருத்துவர் என்ற முறையில் பான்டிங் காப்புரிமையில் தம் பெயரைச் சேர்க்க முதலில் தயங்கினார். எனவே மருத்துவத் தொழில் செய்யாத காலிப், பெஸ்ட் இருவர் பெயரிலும் தொடக்க விண்ணப்பம் எழுதப்பட்டது. 1922 ஏப்ரலில் பல்கலைக்கழகத் தலைவருக்கு ஆய்வாளர்கள் எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான்: செய்முறை வெளியிடப்பட்டபின் யார் வேண்டுமானாலும் அதைத் தயாரிக்கலாம், ஆனால் லாபம் கொழிக்கும் ஏகபோகத்தை எவரும் பெற்றுவிடக் கூடாது. அந்த அச்சம் கற்பனையானதன்று. கணையச் சாற்றைக் கொண்டு நீரிழிவைக் குணப்படுத்த முயன்ற பெர்லின் மருத்துவர் கியோர்க் ஸுல்ஸர் 1912இலேயே அமெரிக்கக் காப்புரிமை ஒன்றைப் பெற்றிருந்தார். பின்னர் பான்டிங்கின் பெயரும் சேர்க்கப்பட்டு, மூவரும் தம் உரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்தின் ஆளுநர் குழுவுக்கு எழுதிக் கொடுத்தனர்; அமெரிக்கக் காப்புரிமை 1923 அக்டோபரில் வழங்கப்பட்டது.

இந்த ஒரு டாலர் இன்று ஒரு தியாகக் கதையாகவே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் இன்சுலின் விலை எகிறும்போதெல்லாம் நினைவுகூரப்படும் கதை அது. கண்டுபிடித்தவர்களின் தன்னலமின்மை மெய்யானதே என்றாலும், அந்த ஆவணத்தின் கனம் ஒரு டாலரில் இல்லை. பல்கலைக்கழகம் அமைத்த இன்சுலின் குழுவின் கைவசம் வந்த அதிகாரத்தில்தான் இருந்தது. 1922 மே மாதத்தில் இன்டியானாபொலிஸ் நகரின் எலி லில்லி நிறுவனத்துடன் டொரன்டோ செய்துகொண்ட ஒப்பந்தம், அமெரிக்கக் கண்டங்களில் ஓராண்டுக்கு மட்டும் தனி உரிமம் அளித்தது. அந்த ஓராண்டுக்குள் லில்லியின் வேதியியலாளர் ஜார்ஜ் வால்டன், கரைசலின் அமிலத்தன்மையைக் குறிப்பிட்ட புள்ளிக்குக் கொண்டுவந்தால் இன்சுலின் தானே படிந்துவிடும் என்று கண்டு, முன்னெப்போதையும்விடத் தூய்மையான மருந்தைச் செய்து காட்டினார். லில்லி அந்த மேம்பாட்டுக்குத் தனியே காப்புரிமை கோரியது. அது கைகூடியிருந்தால், டொரன்டோவின் மூலக் காப்புரிமை பெயரளவில் நின்றிருக்க, நடைமுறையில் இன்சுலின் ஒரே நிறுவனத்தின் பிடிக்குள் போயிருக்கும். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதே முறையைத் தனியே கண்டறிந்திருந்தது, லில்லியின் கோரிக்கையைத் தடுக்க டொரன்டோவுக்கு வாய்ப்பாக அமைந்தது. ஓராண்டு முடிந்ததும் பிற நிறுவனங்களுக்கும் உரிமம் வழங்கப்பட்டது. பிரிட்டனில் அரசின் மருத்துவ ஆய்வுக் குழுவிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆகஸ்ட் குரோ அனுமதி பெற்றுத் தயாரிப்பைத் தொடங்கினார்.

உரிமம் பெற்றவர்கள் தம் தயாரிப்பைச் சோதனைக்கு உட்படுத்தியாக வேண்டும் என்பது நிபந்தனை. மருந்துத் தரத்தை அரசு கண்காணிக்கும் சட்டங்கள் வலுப்பெறாத அக்காலத்தில், அரசு செய்ய வேண்டிய வேலையை ஒரு பல்கலைக்கழகம் காப்புரிமையின் துணையால் செய்தது. இது எவ்வளவு உண்மை என்பது 1941 டிசம்பரில் வெளிப்பட்டது. காப்புரிமை காலாவதியாகி டொரன்டோவின் சோதனை அதிகாரம் முடிவுக்கு வரவிருந்த நிலையில், இன்சுலினின் ஒவ்வொரு தொகுதியையும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் அவசரமாகச் சட்டத் திருத்தம் நிறைவேற்ற வேண்டியதாயிற்று. காலாவதியான ஒரு காப்புரிமையின் இடத்தை ஒரு சட்டம் நிரப்பிய நிகழ்வு மருந்துகளின் வரலாற்றில் அபூர்வமானது.

டொரன்டோவில் இவை நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் ஹாரி ஸ்டீன்பாக் என்ற உயிர்வேதியியலாளர் எலிகளை வைத்து ரிக்கெட்ஸ் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். குழந்தைகளின் எலும்புகள் உறுதிப்படாமல் கால்கள் வளைந்துபோகும் அந்நோய், வெயில் குறைந்த வடநாட்டு நகரங்களில் பரவலாக இருந்தது. புற ஊதா விளக்கின் கீழ் வைக்கப்பட்ட எலிகள் தேறின. ஆனால் அவற்றோடு ஒரே கூண்டில் அடைக்கப்பட்ட, ஒளியே படாத எலிகளும் தேறியதுதான் விந்தை. ஒளிபட்ட எலிகளின் கழிவை மற்றவை தின்றதே காரணம் என்று தெரியவந்தது. அப்படியானால் நோயைத் தீர்க்கும் பொருளை உயிரினத்தின் உடலில் மட்டுமல்ல, ஒளி படும் உணவிலும் உண்டாக்கலாம் என்ற முடிவுக்கு ஸ்டீன்பாக் வந்தார். தீவனத்தையும் எண்ணெயையும் பாலையும் ஒளியில் வைத்து அதை நிறுவினார். பின்னாளில் வைட்டமின் டி என்று அறியப்பட்ட சத்தை உணவில் ஊட்டும் முறை இதுவே. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆல்பிரட் ஹெஸ் ஏறத்தாழ அதே நேரத்தில் அதே முடிவை எட்டினார். அவர் காப்புரிமை கோரவில்லை. ஸ்டீன்பாக் 1924இல் விண்ணப்பித்தார்.

குவாக்கர் ஓட்ஸ் நிறுவனம் பத்து லட்சம் டாலர் அளவுக்கு விலை பேசியும் அவர் தமக்கென்று விற்கவில்லை. பல்கலைக்கழக நிர்வாகமோ காப்புரிமையை ஏற்று நடத்த ஆர்வம் காட்டவில்லை. எனவே முன்னாள் மாணவர்கள் ஒன்பது பேர் ஆளுக்கு நூறு டாலர் போட்டு, 1925இல் விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆய்வு அறக்கட்டளையை நிறுவினர். ஆங்கிலத்தில் அதன் பெயர்ச் சுருக்கம் ‘வார்ஃப்’. பல்கலைக்கழகத்துக்கு வெளியே தனிச் சட்ட அமைப்பாக நின்று காப்புரிமைகளை வைத்திருந்து, உரிமம் வழங்கி, வந்த பணத்தை முதலீடு செய்து, ஆய்வுக்குக் கொடுக்கும் இந்த முறையே பின்னாளில் பல பல்கலைக்கழகங்களுக்கு முன்மாதிரி ஆனது. குவாக்கர் ஓட்ஸ் முதலான உணவு நிறுவனங்களும் சில மருந்து நிறுவனங்களும் உரிமம் பெற்றன. வருமானம் பெருகியது, 1930களின் பெருமந்தத்தில் அரசு நிதி வற்றியபோது மேடிசனின் ஆய்வுக்கூடங்கள் திறந்திருந்ததில் வார்ஃபின் பங்கு கணிசமானது.

அதே அறக்கட்டளை, மார்கரின் எனப்படும் செயற்கை வெண்ணெயைத் தயாரிப்பவர்களுக்கு உரிமம் தர மறுத்துவந்தது. விஸ்கான்சின் பால்வள மாநிலம். அங்குள்ள பால் உற்பத்தியாளர்களுக்கு மார்கரின் நேரடிப் போட்டி. ஸ்டீன்பாக்கே அந்த அச்சத்தைத் தம் காப்புரிமைக்கான காரணங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தார். வெண்ணெய் வாங்க வசதியற்றவர்கள் தின்றது மார்கரினையே என்பதையும், அவர்களது குழந்தைகளுக்கே ரிக்கெட்ஸ் மிகுதியாக வந்ததையும் கருதினால், வைட்டமின் டி எந்த உணவுக்கு மிக அவசியமாக இருந்ததோ அந்த உணவே உரிமப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது என்றாகிறது. இதை அறக்கட்டளையின் கருமித்தனம் என்று சொல்லிவிட முடியாது. மார்கரின் நிறுவனங்களிடமிருந்து ராயல்டி வாங்கியிருந்தால் அதற்கு மேலும் பணம் வந்திருக்கும். மாநிலத்தின் ஒரு தொழிலுக்குத் துணை நிற்பதைப் பொதுநலன் என்று அது மனமார நம்பியது. பொதுநலனுக்காகவே அமைந்த நிறுவனம் எந்தப் பொதுமக்களை மனத்தில் கொள்கிறது என்பதை உரிமப் பத்திரத்தைப் படித்தால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

1940களின் நடுவில் கலிபோர்னிய நிறுவனமொன்றுடன் நடந்த வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்டீன்பாக்கின் காப்புரிமைகள் செல்லாது என்றது. வெயில் இயல்பாகவே செய்துவரும் வேலையை விளக்கைக் கொண்டு செய்வது புதுக் கண்டுபிடிப்பாகாது என்பது அதன் சட்டக் காரணம். ஏழைகளின் உணவுக்கு உரிமம் மறுக்கப்பட்டதையும் நீதிபதிகள் கடுமையாகக் குறிப்பிட்டனர். அதற்குள் வார்ஃபின் கைக்கு வேறொரு கண்டுபிடிப்பு வந்திருந்தது. 1933இன் குளிர்காலத்தில், பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்று மாடுகள் இரத்தம் கசிந்து மடிவதாகச் சொல்லி, ஒரு விவசாயி பனிப்புயலில் வண்டியோட்டி வந்து, உறையாத இரத்தம் நிறைந்த பால் கேனை மேடிசனின் உயிர்வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வுக்கூடத்தில் வைத்துவிட்டுப் போனார். லிங்க் குழுவினர் ஆறாண்டு உழைத்து அந்தத் தீவனத்திலிருந்து டைகுமராலைப் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த சேர்மமொன்று 1948இல் எலி விஷமாகச் சந்தைக்கு வந்து, 1950களில் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தாயிற்று. இதய நோயாளிகள் அறிந்த ‘வார்ஃபரின்’ என்ற பெயரின் முற்பாதி அந்த அறக்கட்டளையின் பெயரே.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வின் பெரும் பங்குக்கு மைய அரசே பணம் கொடுக்கத் தொடங்கியதால் சிக்கல் புதிய வடிவம் கொண்டது. அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பு யாருடையது என்பதற்கு ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு விதி வைத்திருந்தது. அரசின் பெயரில் சேர்ந்த காப்புரிமைகள் ஏறத்தாழ 28,000 என்றும் அவற்றில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவானவையே உரிமம் பெற்றன என்றும் 1970களின் பிற்பகுதியில் மேற்கோள் காட்டப்பட்டது. அந்தத் தொகையில் பெரும் பகுதி ராணுவ ஒப்பந்தங்களிலிருந்து வந்தது, ஒப்பந்ததாரர்களே வேண்டாமென்று விட்டவை அவற்றுள் பல என்று பின்னாளில் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியபோதும், எண்ணின் செல்வாக்கு குறையவில்லை. 1980 டிசம்பரில் செனட்டர்கள் பேர்ச் பே, ராபர்ட் டோல் இருவர் பெயரால் அறியப்படும் சட்டம் நிறைவேறியது. அரசு நிதியில் செய்த கண்டுபிடிப்புகளுக்குப் பல்கலைக்கழகங்களும் சிறு நிறுவனங்களும் உரிமையாளர்களாகலாம். ராயல்டியில் ஒரு பங்கைக் கண்டுபிடித்தவருக்குத் தர வேண்டும். உரிமம் பெற்றவர் கண்டுபிடிப்பைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரவில்லை என்றாலோ மக்களின் உடல்நலத் தேவையை நிறைவேற்றவில்லை என்றாலோ அரசு தலையிட்டு வேறொருவருக்கு உரிமம் தரச் செய்யலாம். இவையே அதன் முக்கிய விதிகள். கடைசியில் சொன்ன தலையீட்டு அதிகாரத்தை, மருந்து விலை குறித்துப் பலர் மனு கொடுத்தும், நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அமெரிக்க அரசு பயன்படுத்தவில்லை.

அந்தச் சட்டம் கையெழுத்தாவதற்குப் பத்து நாட்களுக்கு முன், 1980 டிசம்பர் 2 அன்று, பல்கலைக்கழகக் காப்புரிமைகளிலேயே மிகவும் பேசப்பட்ட ஒன்று வழங்கப்பட்டது. ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி கோஹனும் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் போயரும் 1972 நவம்பரில் ஹவாயில் நடந்த கருத்தரங்கில் சந்தித்து, தம் இருவர் கைவசமும் உள்ளவை ஒன்றையொன்று நிறைவு செய்வதைக் கண்டுகொண்டனர். டி.என்.ஏ. இழையைக் குறிப்பிட்ட இடத்தில், ஒட்டும் விளிம்புகள் அமையுமாறு வெட்டும் நொதி போயரிடம் இருந்தது. பாக்டீரியாவுக்குள் தனித்து இயங்கிப் பெருகும் சிறு வட்ட டி.என்.ஏ.வை, அதாவது பிளாஸ்மிட்டை, பாக்டீரியாவுக்குள் செலுத்தும் நுட்பம் கோஹனிடம் இருந்தது. வெட்டிய பிளாஸ்மிட்டில் வேற்று மரபணுவை ஒட்டி, பாக்டீரியாவுக்குள் செலுத்தினால், பாக்டீரியா பெருகப் பெருக அந்த மரபணுவும் பெருகும். தவளையின் டி.என்.ஏ.வைக்கூட அவர்கள் அவ்வாறு பெருக்கிக் காட்டினர். முதல் கட்டுரை 1973 நவம்பரில் வெளிவந்தது.

ஸ்டான்ஃபோர்டின் உரிம அலுவலகத்தை நடத்திவந்த நீல்ஸ் ரைமர்ஸ் இந்தச் செய்தியை அறிந்ததே 1974 மே மாத நாளிதழ் வழியாகத்தான். கோஹனுக்குக் காப்புரிமையில் விருப்பமில்லை. நூற்றுக்கணக்கானோரின் முந்தைய உழைப்பின்மேல் நிற்கும் ஒரு நுட்பத்துக்கு இரண்டு பேர் உரிமை கோருவது சரியா என்று சக அறிவியலாளர்களும் கேட்டனர். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு இன்றுவரை திருப்தியான பதில் சொல்லப்படவில்லை. வெளியிட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம் என்பது அமெரிக்கச் சட்டம் அளிக்கும் சலுகை. அந்தக் கெடு முடிய ஒரு வாரமே இருக்கையில், 1974 நவம்பர் 4 அன்று, விண்ணப்பம் தாக்கலானது. ஐரோப்பாவிலும் பிற பல நாடுகளிலும் அத்தகைய சலுகை இல்லாததால், கட்டுரை வெளிவந்த நாளிலேயே அங்கெல்லாம் வாய்ப்பு போய்விட்டிருந்தது.

ரைமர்ஸின் திறமை உரிமத்தை வடிவமைத்ததில் தெரிந்தது. ஒரே நிறுவனத்துக்குத் தனி உரிமம் கொடுத்திருந்தால் பெருந்தொகை ஒரேயடியாகக் கிடைத்திருக்கும். எதிர்ப்பும் வழக்குகளும் கூடவே வந்திருக்கும். மாறாக, கேட்பவர் அனைவருக்கும் உரிமம், கல்வி நிறுவன ஆய்வாளர்களுக்குக் கட்டணமே இல்லை, நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் 10,000 டாலர், ஆண்டுதோறும் 10,000 டாலர், இறுதிப் பொருளின் விற்பனையில் ஒரு விழுக்காடோ அதற்குக் குறைவோ ராயல்டி என்று நிபந்தனைகள் எழுதப்பட்டன. முதலில் கையெழுத்திடுபவர்களுக்குப் பிற்கால ராயல்டியில் கழிவும் உண்டு. வழக்காடுவதற்கு ஆகும் செலவைவிட உரிமம் வாங்குவதற்கு ஆகும் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பதே இந்தக் கணக்கின் சூட்சுமம். 1981 டிசம்பர் 15க்குள் 73 நிறுவனங்கள் கையெழுத்திட்டன. 1997இல் காப்புரிமை முடிவுற்றபோது உரிமம் பெற்ற நிறுவனங்கள் 468; இரண்டு பல்கலைக்கழகங்களும் பெற்ற மொத்த வருமானம் ஏறத்தாழ 25.5 கோடி டாலர். அந்த நுட்பத்தால் உருவான முதல் மருந்து, பாக்டீரியாவில் விளைவித்த மனித இன்சுலின். போயர் பங்குதாரராகத் தொடங்கிய ஜெனன்டெக் அதை உருவாக்க, 1982இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது அதே எலி லில்லி.

இந்த வெற்றி மற்றப் பல்கலைக்கழகங்களுக்குத் தவறான பாடத்தையே கற்பித்தது என்று சொல்ல இடமிருக்கிறது. அவை பார்த்தது 25 கோடி டாலரை. பார்க்கத் தவறியது, தாராளமான உரிம நிபந்தனைகளை. 1980களிலும் 90களிலும் வளாகந்தோறும் தொழில்நுட்ப உரிம அலுவலகங்கள் தோன்றின. பெரும்பாலானவை தம் ஊழியர்களின் சம்பளத்துக்கும் வழக்கறிஞர் கட்டணத்துக்கும் போதிய வருமானத்தைக்கூட ஈட்டுவதில்லை. சில பல்கலைக்கழகங்களின் ஒன்றிரண்டு மருந்துகளே மொத்த வருமானத்தின் பெரும்பகுதியைத் தருகின்றன. அப்படி வருமானம் தந்த மருந்துகளில் ஒன்றுதான் யேல் பல்கலைக்கழகத்தைச் சங்கடத்தில் ஆழ்த்தியது.

ஸ்டாவுடின் என்ற வேதிப்பொருளை முதலில் 1960களில் ஜெரோம் ஹார்விட்ஸ் புற்றுநோய் மருந்தாகத் தயாரித்தார்; அது எச்.ஐ.வி. கிருமியைத் தடுப்பதை யேலின் வில்லியம் புருசாஃப், டை-ஷுன் லின் இருவரும் 1980களில் கண்டறிந்தனர். யேல் காப்புரிமை பெற்று, பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்துக்குத் தனி உரிமம் அளித்தது. மருந்து 1994இல் விற்பனைக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோயால் லட்சக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்த 2001இன் தொடக்கத்தில், மூன்று மருந்துகளின் கூட்டை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக மும்பையின் சிப்லா நிறுவனம் அறிவித்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு யேலுக்குக் கடிதம் எழுதி, தென்னாப்பிரிக்காவில் ஸ்டாவுடினின் மலிவு விலை வடிவத்தை இறக்குமதி செய்ய அனுமதி கோரியது. உரிமம் ஏற்கெனவே வேறொருவர் கையில் இருப்பதால் தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்பதே யேலின் முதல் பதில். சட்டப்படி அது சரியான பதில்தான், அதுவே பிரச்சினையும்கூட. மாணவர்கள் கிளர்ந்தனர், புருசாஃபே தம் கண்டுபிடிப்பு ஏழை நாடுகளுக்கு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2001 மார்ச்சில் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் ஆப்பிரிக்காவில் அந்தக் காப்புரிமையை வலியுறுத்தப்போவதில்லை என்று அறிவித்து, அந்த மருந்தின் விலையை நாளொன்றுக்கு 15 சென்டாகக் குறைத்தது. 1988இல் கையெழுத்தான உரிமப் பத்திரத்தில் ஏழை நாடுகளைப் பற்றி ஒரு பிரிவு இருந்திருந்தால் இத்தனைப் போராட்டமும் தேவைப்பட்டிருக்காது. அந்தக் கிளர்ச்சியிலிருந்து பிறந்த மாணவர் அமைப்பு, உரிமம் எழுதும் கட்டத்திலேயே அத்தகைய பிரிவுகளைச் சேர்க்க வேண்டும் என்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களை வற்புறுத்திவருகிறது.

உரிமத்துக்கும் முந்தைய ஒரு கேள்வியை இந்தியாவின் பட்டறிவு எழுப்பியது. 1995 மார்ச்சில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயத்தை ஆற்ற மஞ்சள் பொடியைப் பயன்படுத்தும் முறைக்காக அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. கண்டுபிடித்தவர்களாகப் பதிவானவர்கள் இருவரும் இந்திய வம்சாவளியினர். தென்னாட்டில் அடிபட்ட குழந்தைக்குப் பாட்டி முதலில் தேடுவது மஞ்சளைத்தான் என்பது அன்றைய அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் சான்றாகவில்லை. எழுதி அச்சிட்ட ஆவணம்தான் சான்றாக ஏற்கப்பட்டது. ரகுநாத் மஷேல்கர் தலைமையிலிருந்த அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் 1996இல் மறுபரிசீலனை கோரி, வடமொழி நூல்கள், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த கட்டுரை உட்பட 32 ஆவணங்களைத் திரட்டிக் கொடுத்தது; 1997இல் காப்புரிமைக் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன. ஒவ்வொரு தாவரத்துக்கும் இப்படி வாஷிங்டனுக்கு வழக்குக் கட்டிக்கொண்டு ஓட முடியாது என்ற எண்ணத்தில் தொடங்கப்பட்டதுதான் மரபறிவு எண்ணிம நூலகம். ஆயுர்வேத, யுனானி நூல்களோடு தமிழில் உள்ள சித்த மருத்துவ நூல்களின் மருந்து முறைகளும் அதில் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, வெளிநாட்டுக் காப்புரிமை ஆய்வாளர்கள் தேடிப் பார்க்கும் வடிவில் வைக்கப்பட்டுள்ளன. ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்கு வந்த பாடல் ஒன்று இன்று மியூனிக்கிலோ வாஷிங்டனிலோ ஒரு விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யப் போதுமானதாக இருக்கிறது.

இந்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பே-டோல் சட்டத்தை ஒட்டிய விதிமுறைகளைக் கொண்டுவரும் மசோதா 2008 டிசம்பரில் மாநிலங்களவையில் அறிமுகமானது. கண்டுபிடிப்பை அறிவிக்கத் தவறும் நிறுவனங்களுக்குத் தண்டனை, காப்புரிமைக்கு முன் வெளியிடுவதற்குக் கட்டுப்பாடு என்று அமெரிக்கச் சட்டத்தைவிடக் கடுமையான பிரிவுகளையும், மருந்து விலை குறித்து அதைவிடக் குறைந்த பாதுகாப்பையும் கொண்டிருந்ததால் பலத்த விமர்சனத்துக்கு ஆளாகி, பின்னர் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கொள்கையை எழுதிக்கொண்டு நடக்கிறது. 2021இல் கல்வி நிறுவனங்களுக்கான காப்புரிமைக் கட்டணங்கள் எண்பது விழுக்காடு குறைக்கப்பட்டன. தேசியத் தரவரிசையில் காப்புரிமைகளுக்கு மதிப்பெண்ணும் உண்டு. இரண்டும் சேர்ந்து விண்ணப்பங்களின் எண்ணிக்கையை உயர்த்தின என்பதில் வியப்பில்லை. தரவரிசைக்காகத் தாக்கல் செய்யப்பட்டு, யாருக்கும் உரிமம் அளிக்கப்படாமல், புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் காலாவதியாகும் காப்புரிமை, பொதுச் சொத்தைக் காப்பதுமில்லை, பெருக்குவதுமில்லை.

மாறான எடுத்துக்காட்டு சென்னையிலேயே இருக்கிறது. வெள்ளி, தங்கம் ஆகியவற்றின் நானோத் துகள்கள் நீரிலுள்ள பூச்சிக்கொல்லி மூலக்கூறுகளைச் சிதைப்பதை சென்னை ஐ.ஐ.டி.யின் த. பிரதீப்பும் அவருடைய மாணவர்களும் 2000களின் தொடக்கத்தில் கண்டறிந்து காப்புரிமை பெற்றனர்; 2007இல் யுரேகா ஃபோர்ப்ஸ் அதை வீட்டு நீர்ச் சுத்திகரிப்புக் கருவியில் பயன்படுத்திச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஆய்வுக்குழு பின்னர், ஆர்செனிக் நஞ்சை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு சார்ந்த நானோப் பொருள் ஒன்றை உருவாக்கி, ‘அம்ரித்’ என்ற பெயரில் மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களின் கிராமக் குடிநீர்த் திட்டங்களில் நிறுவச் செய்தது. முதலாவதை வாங்கியவர் நகர வீட்டுக்காரர். இரண்டாவதுக்குப் பணம் செலுத்தியது அரசு. ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த இரண்டு நுட்பங்கள் இருவேறு பயனாளிகளைச் சென்றடைந்த விதத்தை, காப்புரிமை எண்களின் பட்டியலிலிருந்து எவரும் அறிய முடியாது. அதற்கு உரிம ஒப்பந்தங்களையும் கொள்முதல் ஆணைகளையும்தான் புரட்ட வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆண்டறிக்கைகளில் முந்தையது அட்டவணையாக அச்சிடப்படுகிறது. பிந்தையவை கோப்புகளில் இருக்கின்றன.